நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி நமக்குத் தேவையா?

சங்கங்களுக்குத் தணிக்கைக்குச் செல்லும்போது, கணக்குப் புத்தகங்களை மூடியபின் திண்ணையில் அமர்ந்து அங்கத்தினர்களுடன் சற்று நேரம் பேசுவது வழக்கம். முன்பெல்லாம் உரம் வந்ததா, நூல் விலை என்ன, மக்காச்சோளத்துக்கு வியாபாரி என்ன கேட்கிறான் என்பவைதாம் பேச்சாக இருந்தன. இப்பொழுது பெரம்பலூர்ப் பக்கத்துச் சங்கங்களிலும், ஜெயங்கொண்டம் வரை உள்ள அரியலூர்ச் சங்கங்களிலும் வேறொரு கேள்வி புதிதாகப் புறப்பட்டிருக்கிறது. “தார் வாங்கலாமா, ஜிம்னி வாங்கலாமா, கூர்க்கா எப்படி?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று தகப்பனார்களும் செவி சாய்க்கிறார்கள். இதனை ஆடம்பரம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது. அவ்வாறு தள்ள நாம் விரும்பவில்லை. பத்துப் பதினைந்து லட்ச ரூபாய் போடும் காரியத்தைப் பற்றி அங்கத்தினர் ஆலோசனை கேட்டால், கூட்டுறவுத் துறையில் உள்ளவன் வாயை மூடிக்கொண்டிருப்பது முறையன்று.

இவ்வகை வண்டியின் மூலபுருஷன் ஜீப். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கென்று உண்டான வில்லிஸ் ஜீப்பை, 1947இல் பம்பாயில் மகிந்திரா கம்பெனியார் பாகங்களாகத் தருவித்துப் பூட்டத் தொடங்கினர். அதன்பின் பல ஆண்டுகள் நம் கிராமத்து மக்களுக்கு ஜீப் என்றால் சர்க்கார் என்று பொருள். தாசில்தார் வந்தால் ஜீப், வளர்ச்சி அதிகாரி வந்தால் ஜீப், தேர்தல் வந்தால் ஜீப். (கூட்டுறவு ஆய்வாளர் வந்தால் மட்டும் அன்றும் இன்றும் பேருந்துதான்!) 1985இல் மாருதி கம்பெனியார் ஜிப்சியைக் கொணர்ந்தனர், அதுவும் பெரும்பாலும் காவல்துறைக்கும் படைக்குமே உழைத்தது. தனி மனிதன் தன் மகிழ்ச்சிக்கென்று இத்தகைய வண்டியை வாங்கும் பழக்கம் 2010இல் தார் வந்தபின் அரும்பி, 2020 அக்டோபரில் புதிய தார் வந்தபின் பெருகிற்று. ஒரு காலத்தில் அதிகாரி ஏறி வந்த வண்டியில் இன்று குடியானவன் மகன் ஏறி வர விரும்புகிறான். அந்த விருப்பத்தில் குற்றம் காண நமக்கு மனமில்லை.

ஆயினும் வண்டியின் முகத்தைப் பார்த்து வாங்குவோர் மிகுதியாக இருப்பதால், உள்ளே இருப்பது யாது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாதாரணக் காரில் இன்ஜினின் பலம் இரண்டு சக்கரங்களுக்கு மட்டுமே போகிறது. அவ்விரண்டுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கரப் பெட்டி ஒன்று உண்டு. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருப்பதால் இப்பெட்டி அவசியம். ஆனால் அதற்கு ஒரு தீய குணம்: எந்தச் சக்கரத்துக்கு எதிர்ப்புக் குறைவோ, அந்தச் சக்கரத்தையே சுற்றவிடும். ஒரு சக்கரம் சேற்றிலும் மற்றொன்று கெட்டித் தரையிலும் இருந்தால், சேற்றில் உள்ளது வீணாகச் சுழலும். கெட்டித் தரையில் உள்ளது சும்மா நிற்கும். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துக்கொள்ள, மற்றொன்று நுகத்தடியில் கட்டுண்டு நிற்பது போல. நான்கு சக்கர இயக்கம் என்பது முன்னச்சுக்கும் பலத்தைப் பகிர்ந்து கொடுப்பது. அப்போதும் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் வழுக்கினால் வண்டி நின்றுவிடக்கூடும். அதற்காகவே சிலவற்றில் டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி வைத்திருக்கிறார்கள். பூட்டினால் இரு சக்கரமும் சமமாகச் சுழலும். இவற்றோடு ‘லோ கியர்’ என்னும் தாழ்ந்த வேகப் பல்லிணையும் சேர்ந்தால்தான், மெதுவாகவும் வலுவாகவும் ஏற்றம் ஏறவும் இறங்கவும் முடியும்.

இவை அனைத்தும் இருந்தும் ஒரு வண்டி நம் கரிசலில் தோற்கும். பெரம்பலூர், வேப்பந்தட்டை, குன்னம் வட்டாரத்துக் கரிசல் மண் ஐப்பசி, கார்த்திகை மழையில் என்னவாகும் என்பதை நம் அங்கத்தினருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. செருப்போடு நாலடி நடந்தால் ஒவ்வொரு காலிலும் ஒரு வீசை மண் ஏறும். டயரிலும் அப்படியே ஏறுகிறது. தார்ச்சாலைக்கென்று செய்த டயரின் சிறு பள்ளங்கள் இரண்டு சுற்றில் அடைபட்டு, டயர் வழவழப்பான உருளையாகிவிடுகிறது. பின்னர் இரண்டு சக்கரம் இழுத்தால் என்ன, நான்கு சக்கரம் இழுத்தால் என்ன? டிராக்டர் இதே மண்ணில் போகிறதென்றால், அதன் டயரில் உள்ள ஆழ்ந்த, சாய்ந்த கட்டைகள் சேற்றைத் தாமே உதறிவிடுவதால். ஆகையால் வண்டி விற்பவர் நான்கு சக்கரம் என்று சொல்லும்போது, டயர் எவ்வகை என்று கேட்பது முதற் காரியம். சேற்று டயர் போட்டுக்கொண்டாலும் அதற்கும் விலை உண்டு: தார்ச்சாலையில் இரைச்சல், எண்ணெய்ச் செலவு, மழையில் நிறுத்தப் பிடிக்கும் கூடுதல் தூரம். பாடாலூரிலிருந்து பெரம்பலூர் வழியாகச் செல்லும் நான்குவழிச் சாலையில் தினமும் ஓடுகிறவர் இக்கடைசிச் செலவை இலேசாக எண்ணலாகாது.

நிற்க. வண்டிகளுக்கு வருவோம்.

தார் என்ற ஒரே பெயரில் இரு வேறு வண்டிகள் விற்கப்படுகின்றன என்பது பலருக்குத் தெரியவில்லை. ஒன்று நான்கு சக்கர இயக்கம் உள்ளது. மற்றொன்று 2023 ஜனவரியில் வந்தது. பின்சக்கரம் மட்டுமே இழுப்பது. அதன் டீசல் வகைக்கு 1.5 லிட்டர் இன்ஜின். நான்கு சக்கர டீசலுக்கு 2.2 லிட்டர். இரண்டுக்கும் முகம் ஒன்று, உயரம் ஒன்று. சேற்றில் இறங்கினால்தான் வேறுபாடு தெரியும். விலை வேறுபாட்டுக்கு வரியும் ஒரு காரணம். 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு சேவை வரி மாற்றத்தின்படி, நான்கு மீட்டர் நீளத்துக்கு உட்பட்டு, டீசலானால் 1,500 கன செண்டிமீட்டருக்கும், பெட்ரோலானால் 1,200க்கும் மேற்படாத இன்ஜின் உள்ள கார்களுக்கு 18 சதவீதம். அவற்றை மீறியவற்றுக்கு 40 சதவீதம். எனவே சிறிய டீசல் தாருக்கு 18, நான்கு சக்கரத் தாருக்கு 40. விலை குறைவாக இருக்கிறதே என்று முதலாவதை வாங்கி வந்து, அதைக் கொண்டு பச்சைமலை ஏறுவேன் என்று சொல்லும் இளைஞர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் வாங்கியது ஜீப்பின் வேஷம் போட்ட கார். வேஷத்துக்காகவே வாங்கினோம் என்றால் நமக்கு ஆட்சேபம் இல்லை. தெரிந்து வாங்கினால் சரி.

நான்கு சக்கரத் தார் மெய்யாகவே வல்ல வண்டி. தரைக்கும் அடிப்பாகத்துக்கும் 226 மில்லிமீட்டர் இடைவெளி; டீசல் இன்ஜினின் இழுவை கனமாக இருக்கும். 2020இல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் பெற்றது. பழுதுபார்க்கவும் தூரம் போக வேண்டியதில்லை. ஆனால் மூன்று கதவுத் தாரில் இருக்கை நான்குதான். பின்னிருக்கைக்குப் போக முன்னிருக்கையைக் கவிழ்த்து, ஏறி, குனிந்து நுழைய வேண்டும். வீட்டில் உள்ள அறுபது வயது அம்மையார் இதில் ஏறிச் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைத் தரிசித்து வருவது எப்படி? பின்னிருக்கைக்குப் பின்னால் ஒரு மூட்டை வெங்காயம் வைக்கவும் இடம் போதாது. இக்குறையைத் தீர்க்க 2024 ஆகஸ்டில் ஐந்து கதவுள்ள தார் ராக்ஸ் வந்தது. அது குடும்ப வண்டிதான்; மோதல் சோதனையில் பாரத் என்கேப்பின் ஐந்து நட்சத்திரமும் பெற்றது. ஆனால் அதில் நான்கு சக்கர இயக்கம் டீசலில் மட்டுமே உண்டு. விலையும் நம் பேச்சின் எல்லையைத் தாண்டிப் போகிறது.

கூர்க்கா புனேயைச் சேர்ந்த ஃபோர்ஸ் கம்பெனியாரின் வண்டி. பழைய பஜாஜ் டெம்போதான் இன்று ஃபோர்ஸ். கடின உழைப்புக்கென்றே செய்தது போன்ற தோற்றம், தன்மையும் அதுவே. முன், பின் இரண்டு டிஃபரன்ஷியலையும் பூட்டலாம். மற்ற இரண்டு வண்டிகளிலும் இந்த வசதி முழுமையாக இல்லை. தரை இடைவெளி 233 மில்லிமீட்டர். இன்ஜின் மூச்சு வாங்கும் குழாயைக் கம்பெனியாரே கூரை அருகில் உயர்த்தி வைத்திருக்கிறார்கள். 2024இல் இன்ஜினின் சக்தியை 140 குதிரையாக உயர்த்தினர். ஐந்து கதவு, ஏழு இருக்கை உள்ள வகையையும் சேர்த்தனர். இந்த 2.6 லிட்டர் டீசல் இன்ஜின், கோயில் யாத்திரைக்கு நாம் வாடகைக்கு எடுக்கும் டிராவலர் வேனின் இன்ஜினுக்கு உடன்பிறந்தது. ஆதலால் டிராவலர் பார்க்கும் மெக்கானிக்குக்கு இது புதிதன்று. சேற்றுக்கு மட்டும் மதிப்பெண் இடுவதானால் நாம் கூர்க்காவுக்கே முதலிடம் தருவோம். ஆனால் ஏறத்தாழ இரண்டு டன் எடை. ஏரிக்கரை மேல் எதிரே கரும்பு வண்டி வந்தால் ஒதுங்க 1,865 மில்லிமீட்டர் அகலம் இடம் கேட்கும். கம்பெனியின் பழுதுபார்க்கும் நிலையங்களும் மற்ற இரண்டைக் காட்டிலும் குறைவு. ஒரு பாகத்துக்காக நாட்கணக்கில் காத்திருக்கப் பொறுமை உள்ளவரே இதனைக் கட்டி மேய்க்கலாம்.

ஜிம்னியைப் பார்த்து நகைப்போர் பலர். சிறு பெட்டி போல இருக்கிறது என்பார்கள். நமக்கு அவ்வெண்ணம் இல்லை. 2023 ஜூனில் ஐந்து கதவுகளுடன் இந்நாட்டில் விற்பனைக்கு வந்த இவ்வண்டியின் பெருமையே சிறுமைதான். அகலம் 1,645 மில்லிமீட்டர். தாரின் 1,820க்கும் இதற்கும் ஒரு சாணுக்குச் சற்றே குறைந்த வித்தியாசம். முந்திரித் தோப்பின் நடுவே போகும் ஒற்றை வண்டித்தடத்தில் அந்த ஒரு சாண்தான் கண்ணாடியையும் கதவையும் காக்கிறது. எடையோ ஏறத்தாழ 1,200 கிலோ. சேற்றில் கனமான வண்டி அமிழ்கிறது, இலேசான வண்டி மேலோடு மிதந்து போகிறது; இஃது எருமையையும் ஆட்டையும் வயலில் ஓட்டிப் பார்த்தவருக்கு விளங்கும். நான்கு சக்கர இயக்கமும் லோ கியரும் எல்லா ஜிம்னியிலும் உண்டு. வேஷ ஜிம்னி என்று தனியாக ஒன்றும் விற்பதில்லை. தரை இடைவெளி 210 மில்லிமீட்டர். இன்ஜின் முன்பு எர்டிகாவில் இருந்த 1.5 லிட்டர் பெட்ரோல். மாருதி பார்க்கும் எவரும் பார்த்துவிடுவர். குறை என்னவெனில், டீசல் கிடையாது, இழுவை மிதமானது, நால்வருக்கே இடம், பெட்ரோல் இன்ஜின் 1,200ஐத் தாண்டிவிட்டபடியால் இச்சிறு வண்டிக்கும் பெரிய வண்டியின் 40 சதவீத வரி. சிறியதாக இருப்பதற்குச் சலுகையும் இல்லை, பெரியதாக இருப்பதன் இடமும் இல்லை என்று உடையவர்கள் குறைபடுவது நியாயமே. ஆயினும் மேற்படி மூன்றில், தன் நிலத்துக்கும் தோட்டத்துக்கும் தானே ஓட்டிச் செல்லும் ஒரு விவசாயிக்கு எது என்று கேட்டால், நாம் ஜிம்னியைச் சொல்வோம்.

ஒரு எச்சரிக்கை மூன்றுக்கும் பொது. காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுக்கொண்டு ஓட்டலாகாது. முன்னச்சும் பின்னச்சும் ஒன்றாகக் கட்டுண்டிருப்பதால், வளைவுதோறும் அச்சுகள் முறுக்குண்டு, டயர் தேய்ந்து, பல்லிணை கெடும். வழுக்கும் தரைக்கே அது உரியது. காசு கொடுத்தோமே என்று எந்நேரமும் போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர் செலவுக்குத் தாமே வழி தேடிக்கொள்கிறார்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தார் 650 மில்லிமீட்டர், கூர்க்கா 700 மில்லிமீட்டர் ஆழம் கடக்கும் என்று கம்பெனியார் சொல்கிறார்கள். ஓர் ஆளின் தொடைப் பாதி உயரம் இது. அது நிற்கும் நீருக்கான கணக்கு. ஓடும் நீருக்கு அன்று. 1956 நவம்பர் 23ஆம் தேதி அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளம் பாலத்தின் அணைகரையை அரித்து, தூத்துக்குடி விரைவு ரயிலையே கவிழ்த்ததும், அதற்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியைத் துறந்ததும் நம் பாட்டன்மார் கண்ட செய்தி. ரயிலுக்கு வழிவிடாத ஆறு தாருக்கு வழிவிடும் என்று எண்ணித் தரைப்பாலத்தில் இறங்குவது பேதைமை.

இனி பொலேரோ. இது நான்கு சக்கர வண்டியன்று. பின்சக்கரம் மட்டுமே இழுப்பது. 2000ஆம் ஆண்டில் வந்து இன்றும் நம் ஊர்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. 75 குதிரை டீசல், ஏழு இருக்கை, பின்னால் இலைவில். சிமெண்டுச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர்கள் உழுதுபோட்ட அரியலூர்ச் சாலைகளில் இதன் எலும்பு முறிந்ததாக நாம் கேட்டதில்லை. இதில் ஏழு பேரும் போகலாம், இருக்கையை மடக்கி நாலு மூட்டையும் போகலாம். வரியும் 18 சதவீதமே. சொகுசு இல்லை என்பது வெளிப்படை. பாதுகாப்பிலும் கண்ணை மூடிக்கொண்டு புகழ முடியாது. இதன் இளையவனான பொலேரோ நியோ 2024 ஏப்ரலில் குளோபல் என்கேப் சோதனையில் ஒரே நட்சத்திரம்தான் பெற்றது. குழந்தைகளை ஏற்றி நெடுஞ்சாலையில் ஓடுகிறவர் இதை மறக்கக்கூடாது. தார் வேண்டாம், பொலேரோ போதும் என்று மகனிடம் வாதாடும் தகப்பனாருக்கு இந்த ஒரு விஷயத்தில் மகனே பதில் சொல்லிவிடுவான்.

வண்டியின் குணத்தைவிடக் கடனின் குணமே நமக்குக் கவலை அளிக்கிறது. உதாரணமாக 10 லட்ச ரூபாயை ஒன்பதரை சதவீத வட்டியில் 7 ஆண்டுக்கு வாங்கினால், மாதத் தவணை ஏறத்தாழ 16,340 ரூபாய். ஏழாண்டில் கட்டும் மொத்தம் 13 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல். டீசல், டயர், இன்சூரன்ஸ் தனி. அரசு ஊழியனுக்குச் சம்பளம் மாதந்தோறும் வருகிறது; தவணையும் மாதந்தோறும் போகிறது. விவசாயிக்கு அப்படியா? மானாவாரி மக்காச்சோளமும் பருத்தியும் தை, மாசியில் பணமாகின்றன. சின்ன வெங்காயம் விலை வரும்வரை பட்டறையில் கிடக்கிறது. ஆனால் வங்கியின் தவணை ஆடியிலும் வரும், புரட்டாசியிலும் வரும். விளைச்சல் கைக்கு வராத மாதங்களில் தவணை கட்ட நகை அடகுக்குப் போகிறது. நகையை மீட்க, விதைக்கென்று வாங்கிய பயிர்க்கடன் போகிறது. அடுத்த ஆண்டு பயிர்க்கடன் பாக்கி விழுந்து, தவறாமல் கட்டுவோருக்குக் கிடைக்கும் வட்டிச் சலுகையும் கைவிட்டுப் போகிறது. சங்கப் பேரேட்டில் இச்சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டுமே நாம் காண்கிறோம். முதற் கண்ணி வாசலில் நின்று பளபளக்கிறது. ஆகையால் கையில் உள்ள தொகையில் பாதி விலையாவது ரொக்கமாகக் கொடுக்க இயலாதவர், கடனை மூன்று ஆண்டுக்கு மேல் இழுக்க வேண்டியவர், இவ்வண்டிகளை இன்னும் இரண்டு வெள்ளாமைக்குத் தள்ளிப்போடுவது நலம் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

உழவுக்குத்தானே வாங்குகிறேன் என்று சொல்வோர்க்கும் பதில் உண்டு. மேற்படி வரி மாற்றத்தில் டிராக்டருக்கு வரி 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டிக்கு 28லிருந்து 18 ஆயிற்று. வயலில் இறங்க டிராக்டரும், சந்தைக்குப் போகப் பிக்கப்பும் இருக்கையில், இரண்டு வேலையையும் அரைகுறையாகச் செய்யும் ஒன்றுக்கு 40 சதவீதம் வரி கொடுப்பானேன்?

நெசவாளர் அங்கத்தினர்களைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். ஜெயங்கொண்டம் பக்கத்துப் பட்டு நெசவாளருக்கு நூலும் சேலையும் நனையாமல் போய்வரக் கூரையும் கதவும் உள்ள வண்டி வேண்டும். நான்கு சக்கர இயக்கம் வேண்டாம். அணைக்கரையின் குறுகிய பாலத்தைக் கடந்து கும்பகோணம் போய்வர எந்தச் சிறு வேனும் போதும். ஒரு தெருவில் நால்வர் சேர்ந்து ஒரு வேன் வைத்துக்கொண்டால் இன்னும் சிறப்பு.

வேறொன்றும் சொல்ல வேண்டும். வாங்கியவர்கள் ஓட்டிப் பார்க்க இடம் தேடிக் காரை, குளக்காநத்தம் பக்கத்துச் செம்மண் ஓடைகளுக்குப் போவதாகக் கேள்வி. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த நிலம் அது. சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடக்கின்றன. சாத்தனூரில் கல்லாகிய மரத்துக்கு வேலி போட்டிருக்கிறார்கள். இவற்றுக்கு வேலி இல்லை என்பதால் சக்கரம் ஏற்றலாம் என்று ஆகாது. பச்சைமலையிலும் தார்ச்சாலையை விட்டுக் காப்புக்காட்டில் இறங்க வனத்துறையின் அனுமதி வேண்டும். அபராதத்தைத் தவணையில் கட்ட முடியாது.

இவ்வளவும் கேட்டபின்னும் வாங்குவதென்றே ஒருவர் துணிந்தால், வண்டியைக் கடைவாசலில் ஓட்டிப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டாம். கார்த்திகையில், நல்ல மழை பெய்த மறுநாள், விற்பவரையும் உடன் ஏற்றிக்கொண்டு தம் கரிசல் காட்டு வண்டித்தடத்துக்கே கொண்டுபோகக் கேட்கட்டும். அதற்கு அவர் இசையாவிட்டால் அதுவே ஒரு பதில். வண்டி நின்றவிடத்தில் வீட்டு அம்மையாரைப் பின்னிருக்கையில் ஒரு முறை ஏறி இறங்கச் சொல்லட்டும். திரும்பும் வழியில் நம் சங்க அலுவலகத்தில் இறங்கித் தமது பாக்கிக் கணக்கையும் ஒரு முறை கேட்டுப் போகலாம். காரியதரிசி காலை பத்து மணி முதல் இருப்பார்.